சூடம் அணைத்த சத்தியம்

ஜூன் பதினெட்டாம் தேதி காலை பத்தரை மணிக்கு, குற்றாலத்தில், என் அண்ணன் இசக்கியப்பன் ஒரு ஆளின் முதுகில் எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருந்தான். தேய்க்கவில்லை. ஊற்றிக்கொண்டே இருந்தான்.

அந்த ஆள் விருதுநகர்ப் பக்கத்துக்காரர். சீசனுக்குக் குடும்பத்தோடு வந்தவர். முதலில் சிரித்திருக்கிறார். அருவி அங்கே இருக்க, இங்கேயே குளிப்பாட்டி அனுப்பிவிடுவீர்கள் போலிருக்கிறதே என்று கேலி பேசியிருக்கிறார். முதல் பாட்டில் காலியாகி, அண்ணன் இரண்டாவது பாட்டிலைத் திறந்து அதையும் கவிழ்த்தபோதுதான் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் எழுந்து போய்விட்டார். அண்ணன் ஆள் இல்லாத பலகையில் ஊற்றினான்.

பக்கத்துப் பலகையில் மசாஜ் செய்துகொண்டிருந்த சங்கரநாராயணன் எனக்கு போன் செய்தார். நான் தென்காசியில் லோடு ஆட்டோவிலிருந்து கத்திரிக்காய் மூடை இறக்கிக்கொண்டிருந்தேன். மீதி மூடைகளோடு வண்டியைத் திருப்பினேன். நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் பலகையில் உட்கார்ந்து பாட்டிலை மூடப் பார்த்துக்கொண்டிருந்தான். மூடி பாட்டிலின் வாய்க்கு இரண்டு விரல் தள்ளி நின்றது. அவன் காற்றில் திருகிக்கொண்டிருந்தான். சாரல் அடித்தது. எண்ணெய் படிந்த கல்லில் ஆட்கள் வழுக்கிவிடாமல் இருக்கச் சங்கரநாராயணன் தன் துண்டை விரித்துப் போட்டிருந்தார்.

அண்ணன் என்னைப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"ஏலே மாரி, எதுக்குலே ரெண்டு பேரா வந்திருக்க?"

நான் மட்டும்தான் வந்திருந்தேன்.

அவனுக்குக் காசநோய். ஜனவரி பதினெட்டில் தொடங்கிய சிகிச்சை. ஆறு மாதம். அன்றைக்கு ஐந்து மாதம் முடிந்திருந்தது. ஒரு நாள்கூட மாத்திரை தவறவில்லை. இதை நான் உறுதியாகச் சொல்ல முடியும். அத்தனை மாத்திரையையும் அவன் உள்ளங்கையில் வைத்தது நான்.

எங்கள் அப்பாவுக்கும் இதே நோய்தான். மூன்றாம் மாதம் இருமல் நின்றதும் நன்றாகிவிட்டது என்று சொல்லி மாத்திரையைத் தென்னை மூட்டில், வேரடியில், கொட்டினார். அடுத்த வருஷம் போய்விட்டார். அப்போது எனக்குப் பதினொரு வயது. அதனால் அண்ணனுக்கு நோய் என்று தெரிந்ததும் நான் வேறு எதையும் யோசிக்கவில்லை. ஆறு மாதமும் விடாமல் விழுங்க வைத்தால் அவன் பிழைப்பான். விட்டால் சாவான். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அது பாதி உண்மை என்பது எனக்கு அப்போது தெரியாது.

நான் சென்னையில் நான்கு வருஷம் இரவு ஷிஃப்டில் வேலை பார்த்தவன். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பில்களைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டைத் தட்டும் வேலை. ஒருநாள் ஷிஃப்ட் முடிய மூன்று மணி நேரம் இருக்கும்போது எழுந்து வந்துவிட்டேன். திரும்பிப் போகவில்லை. அதற்குமுன் கல்லூரியிலும் அப்படித்தான். தொடங்கிய எதையும் முடித்தவன் இல்லை என்று ஊரில் எனக்குப் பெயர். இந்த ஒன்றை முடித்துவிடுவது என்று இருந்தேன்.

காலை ஆறு மணிக்குப் பாவூர்சத்திரம் சந்தைக்குப் போகும் வழியில் கீழப்பாவூரில் அண்ணன் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்துவேன். மூன்று மாத்திரை, ஒரு செம்புத் தண்ணீர். விழுங்கியதும் வாயைத் திறக்கச் சொல்லுவேன். நாக்கைத் தூக்கச் சொல்லுவேன். அவன் என்னைவிட ஒன்பது வயது மூத்தவன். முதல் வாரம் கெட்ட வார்த்தை சொன்னான். அப்புறம் நான் சொல்லாமலே நாக்கைத் தூக்கினான். அவன் மனைவி பொன்செல்வி மதினி அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

மாதம் ஒருமுறை ஸ்கூட்டரில் ஹஃப்சா வருவார். காசநோய்ப் பிரிவில் சுகாதாரப் பார்வையாளர். என் கேலண்டரில் ஒவ்வொரு நாளும் போட்ட கோட்டைப் பார்த்துவிட்டு, இவ்வளவு ஒழுங்காகக் கொடுப்பவர்கள் குறைவு என்பார். ஒவ்வொரு முறையும் கிளம்பும்போது ஒரு கேள்வி கேட்பார்.

"எல்லா மாத்திரையும் போடுறாங்கதானே?"

எல்லாம் என்று நான் சொல்லுவேன். அவர் என்னைப் பார்க்கமாட்டார். அண்ணனைப் பார்ப்பார். அவனும் எல்லாம் என்பான்.

பிப்ரவரி நடுவில் அவனுக்குக் குமட்டல் வந்தது. இரண்டு நாள் நான் கொடுத்த மாத்திரை அப்படியே வெளியே வந்தது. அப்பாவின் தென்னை மூடுதான் நினைவுக்கு வந்தது. அவன் பையைக் குடைந்தேன். குற்றாலத்தில் மசாஜ்காரர்கள் விற்கும் லேகியம் ஒரு டப்பா இருந்தது. நெஞ்சுச் சளிக்கு என்று எழுதியிருந்தது. எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம் என்று முடிவு கட்டினேன். அவன் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் வேறு காரணம் சொல்ல வேண்டியிருந்திருக்கும் என்பது இப்போது தெரிகிறது.

எங்கள் பக்கத்தில் வாயால் கொடுக்கும் வாக்குக்குப் பெரிய மதிப்பில்லை. குடிகாரன் தினமும் கொடுப்பான். சூடம் அணைத்தால் மதிப்பு உண்டு. சுடலைமாடன் பீடத்தில் சூடத்தை ஏற்றி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். அதை மீறியவன் ரத்தம் கக்கிச் செத்தான் என்று ஒவ்வொரு தெருவிலும் ஒரு கதை இருக்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அண்ணனுக்கு உண்டு. அதனால்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

வார்த்தைகளை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். மாரி கொடுக்கிற மாத்திரையைத் தவிர வேறு ஒரு மருந்தும், ஆறு மாதம் முடிகிற வரைக்கும், என் தொண்டைக்குள் இறங்காது. அவன் திருப்பிச் சொல்லவில்லை. சூடத்தைப் பார்த்தபடி நின்றான்.

"வேற ஒரு மருந்துமாலே?"

"ஒரு மருந்தும்."

"ஆறு மாசமா?"

"லேகியத்த விட்டுட்டு ஒனக்கு ஆறு மாசம் இருக்க முடியாதோ? அப்பா மாதிரி போய்ச் சேரணுமா?"

சூடம் பாதி எரிந்துவிட்டது. சொல்லிவிட்டு அடித்து அணைத்தான். கையைப் பார்க்காமல் வேட்டியில் துடைத்துக்கொண்டான். அடுத்த மூன்று நாளில் குமட்டல் நின்றது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

சந்தையில் வெண்டைக்காய் மூடை நிறுக்கும் தராசில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவனை ஏற்றி நிறுப்போம். நாற்பத்து மூன்று கிலோவில் தொடங்கியவன் ஏப்ரலில் நாற்பத்தேழு ஆனான். லோடுமேன்கள் சாக்கு எடையைக் கழி, லுங்கி எடையைக் கழி என்று சத்தம் போட்டார்கள். மே மாதம் நாற்பத்தைந்து. ஜூன் முதல் வாரம் நாற்பத்து ஒன்று. வாய்க்குள் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. வெற்றிலைச் சுண்ணாம்பு சுட்டுவிட்டது என்றான். தினமும் அந்த வாய்க்குள் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். மாத்திரை ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தேன். வேறு எதையும் பார்க்கவில்லை.

சீசன் தொடங்கியதும் மசாஜுக்குப் போயே தீருவேன் என்றான். ஒரு வாரமாகத் தலைவலி இருந்தது. சாரல் காற்று என்றான்.

தென்காசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மதினி பாவூர்சத்திரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். டாக்டர் சின்ன வயசுப் பெண். அண்ணனின் சிகிச்சைக் கோப்பைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். மதினியை நிமிர்ந்து பார்த்தார். என்னைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். மாத்திரை கொடுப்பவன் நான், எது கேட்பதானாலும் என்னிடம் கேளுங்கள் என்றேன். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. வீட்டில் இவர் சாப்பிடும் எல்லா மாத்திரையும் வேண்டும், ஒன்று விடாமல், உடனே, என்று மதினியிடம் சொன்னார்.

தானே போவதாக மதினி சொன்னாள். அண்ணன் அவள் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவில்லை. என்னிடம் வண்டி இருக்கிறது, நான் போகிறேன் என்றேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாத்திரை எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ன. படி இறங்கப் போனபோது கூப்பிட்டாள்.

"தம்பி. அரிசி டிரம்முக்குப் பின்னால ஒரு மஞ்சப் பை இருக்கும். அதையும் எடுத்துட்டு வந்திருங்க."

நான் வண்டியை எடுத்தேன்.

பை இருந்தது. உள்ளே இரண்டு சின்னப் புத்தகங்கள். ஒன்றில் அண்ணன் பெயர், ஒன்றில் மதினி பெயர். ஒரு வெள்ளை பிளாஸ்டிக் குப்பியில் பாதி மாத்திரை. அதே மாதிரி நான்கைந்து காலிக் குப்பிகள். ஒரு காப்பித்தூள் டப்பா.

குப்பியைத் திருப்பி லேபிளைப் படித்தேன். டெனோஃபோவிர். லாமிவுடின். டோலுடெக்ராவிர். அந்த மூன்று பெயரும் ஒரே வரியில் வந்தால் எந்தக் குறியீட்டைத் தட்ட வேண்டும் என்று யோசிக்கத் தேவையில்லை. நான்கு வருஷத்தில் ஆயிரம் தடவை தட்டியிருப்பேன். பி இருபது. எச்.ஐ.வி. அரிசி டிரம்மின் மூடியில் என் வலது கை விரல்கள் தாமாக அசைந்ததைப் பார்த்தேன். கையை எடுத்துக்கொண்டேன்.

முதலில் வந்தது ஆறுதல் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். குப்பிகள் காலியாக இருந்தன. அப்படியானால் விழுங்கியிருக்கிறான். அதிர்ச்சி ஒரு பக்கம் இருக்கட்டும், மருந்து உள்ளே போயிருக்கிறது. அப்படி நினைத்துக்கொண்டேதான் காப்பித்தூள் டப்பாவைத் திறந்தேன்.

கழுத்து வரைக்கும் மாத்திரை இருந்தது. அதே மாத்திரை. நான்கு மாத மாத்திரை.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த வீட்டில் யாரோ மிக்ஸி போட்டார்கள். அது நிற்கும்வரை உட்கார்ந்திருந்தேன். அப்புறம் பையை எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன். பின்னால் கத்திரிக்காய் மூடைகள் அப்படியே இருந்தன. அதை நான் மறந்தே போயிருந்தேன்.

மதினி வராந்தாவில் நின்றாள். பையை அவள் கையில் கொடுத்தேன். டாக்டரிடம் கொடுத்துவிட்டு வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். நான் கத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் வந்திருந்தேன். ஏன் சாப்பிடவில்லை என்று மட்டும் கேட்டேன்.

அவள் என்னை வெறித்துப் பார்த்தாள்.

"நீங்கதான சூடம் அணைக்க வச்சிய."

எனக்கு அந்த நொடியில் புரியவில்லை. அவளே சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. காசநோய் என்று தெரிந்த அன்றைக்கே ரத்தத்தில் இதையும் பார்த்திருக்கிறார்கள். மறுநாள் அவளையும் வரச் சொல்லிப் பார்த்தார்கள். இருவருக்கும் இருந்தது. அவளுக்கு உடனே தொடங்கினார்கள். அவனுக்கு முதலில் காசநோய் மாத்திரை, இரண்டு வாரம் கழித்து இதையும் சேர்த்து. இது இல்லாமல் அதை மட்டும் சாப்பிட்டால் ஆள் தாங்காது, உடம்பில் எதிர்த்து நிற்கச் சக்தியே இல்லை என்று ஒன்றுக்கு மூன்று தடவை சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள். அவனும் தொடங்கினான். பத்து நாள் போட்டான். இரண்டும் சேர்ந்ததில் குமட்டியது. கொஞ்ச நாளில் பழகிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குள் நான் அவனைச் சுடலைமாடனிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டேன்.

"அன்னைக்கு ராத்திரி மாத்திரையக் கையில வச்சிட்டு ஒக்காந்திருந்தாவ. வேற ஒரு மருந்தும்னு சொல்லிட்டேனே செல்வி, எப்படி முழுங்கன்னு கேட்டாவ. நான் என்ன சொல்ல? லேகியத்ததான் சொன்னாவ, இத இல்லன்னு சொன்னேன். மாரி லேகியத்த நெனச்சிருப்பான், நான் சொன்னது என்னன்னு சாமிக்குத் தெரியாதான்னாவ."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா மதினி."

"சொல்லுதேன்னு சொன்னேன். மாரிக்குத் தெரிஞ்சா தூக்குல தொங்கிருவேன்னாவ. தம்பி, ஒரு தாலிய எத்தன பக்கமாதான் நான் பிடிச்சு இழுக்க?"

மாதாமாதம் மருந்து வாங்கப் போகும்போது குப்பியைக் காட்ட வேண்டுமாம். எத்தனை மிச்சம் என்று எண்ணுவார்களாம். அதனால் மாத்திரைகளை டப்பாவில் கொட்டிவிட்டுக் காலிக் குப்பியைக் கொண்டுபோயிருக்கிறான். தூக்கி எறியவில்லை. ஜூலை பதினாறாம் தேதி ஆறு மாதம் முடியும், பதினேழாம் தேதி காலையில் தொடங்கிவிடலாம் என்று சேர்த்து வைத்திருக்கிறான். அவளும் அவனுமாகக் கேலண்டரைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நான் கோடு போட்ட அதே கேலண்டர். ஒவ்வொரு கோட்டுக்கும் நான் சந்தோஷப்பட்டேன். அவர்கள் இன்னும் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

நான் அவனை எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. மதினியையும் கேட்கவில்லை. கேட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை.

மறுநாள் முதுகுத் தண்டில் நீர் எடுத்துப் பார்த்தார்கள். மூளையைச் சுற்றிப் பூஞ்சை. சாதாரண ஆளை ஒன்றும் செய்யாத பூஞ்சையாம். புறா எச்சத்தில் இருப்பது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸில் மஞ்சப் பையோடு மதினி ஏறிக்கொண்டாள். நான் பின்னால் போகவில்லை. கீழப்பாவூருக்குத் திரும்பினேன்.

எனக்கு நம்பிக்கை இல்லாத சாமியிடம்தான் போனேன். பூசாரி வயலில் இருந்தார். விஷயத்தைச் சொல்லாமல், அண்ணன் செய்த ஒரு சத்தியத்தை எடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். குடிக்கத்தானே போறான், இதுக்கு ஒரு எடுப்பு வேறயா என்றார். இல்லை, மருந்து என்றேன். மருந்து குடிக்கக் கூடாதுன்னு எவம்லே சத்தியம் வாங்குனான், அவனச் செருப்பால அடி என்றார். நான்தான் என்றேன். அவர் கை கால் கழுவிக்கொண்டு வந்தார். சூடம் ஏற்றி, வாங்கியவனே வந்து கேட்கிறான், பிழை பொறு என்று சொல்லி, இலையில் திருநீறு கொடுத்தார். மொத்தமே ஐந்து நிமிஷம். நான்கு மாதமாக ஒருவனைக் கட்டிப்போட்டிருந்தது ஐந்து நிமிஷத்தில் அவிழ்ந்துவிட்டது. யாராவது வந்து கேட்டிருந்தால் பிப்ரவரியிலேயே அவிழ்ந்திருக்கும்.

திருநெல்வேலி வார்டில் அன்று மத்தியானம் அவனுக்குக் கொஞ்சம் தெளிவு இருந்தது. நீர் எடுத்ததில் தலையின் அழுத்தம் குறைந்திருந்தது. நெற்றியில் திருநீறு பூசினேன்.

"சாமிகிட்ட கேட்டாச்சு. இனி அந்த மாத்திரைய நீ முழுங்கலாம்."

அவன் கண் என் முகத்தைத் தேடி நிலைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"ஒனக்குத் தெரிஞ்சு போச்சா?"

"ம்."

"அடிப்பேன்னு நெனச்சேம்லே."

பிறகு வாயைத் திறந்தான். வெள்ளை படிந்த நாக்கைத் தூக்கிக் காட்டினான். நான் எதையும் கொடுக்கவில்லை. காலையில் செய்கிறதைச் செய்தான்.

காப்பித்தூள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். இவர் வேறு ஆள், வயதானவர். இன்றைக்கே தொடங்கலாம், இனி தடை இல்லை என்றேன். அவர் டப்பாவைப் பார்த்தார். என்னை உட்காரச் சொன்னார். இப்போது தொடங்க முடியாது என்றார்.

விளக்கிச் சொன்னார். மூளையில் தொற்று இருக்கும்போது இந்த மாத்திரையைக் கொடுத்தால் உடம்புக்குத் திடீரென்று சக்தி வரும். அந்தச் சக்தி தொற்றோடு சண்டை போடும். சண்டை மூளைக்குள் நடக்கும். வீங்கும். ஆள் போய்விடுவான். முதலில் பூஞ்சைக்கு மருந்து. நான்கிலிருந்து ஆறு வாரம் கழித்துத்தான் இது.

பிப்ரவரியில் கொடுத்திருந்தால் என்று கேட்டேன். அவர் பொய் சொல்லும் ஆள் இல்லை.

"பிப்ரவரியில சரி. அப்போ தலைக்குள்ள இந்தப் பூஞ்சை வந்திருக்காது."

எக்ஸ்ரேயை விளக்குக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். ஜனவரியில் எடுத்ததையும் பக்கத்தில் வைத்தார். அப்போது பஞ்சு போல வெள்ளையாக இருந்த இடம் இப்போது சுத்தமாக இருந்தது. காசநோய்க்கு நீங்கள் கொடுத்தது நன்றாக வேலை செய்திருக்கிறது என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். நான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஜூன் இருபத்தொன்பதாம் தேதி விடிந்ததும் அவனுக்கு வலிப்பு வந்தது. இரண்டாவது வலிப்பு நிற்கவில்லை. ஏழு மணிக்கு முடிந்துவிட்டது. அன்றைக்கும் ஆறு மணிக்கு மூக்கில் போட்டிருந்த குழாய் வழியாகக் காசநோய் மாத்திரையைக் கரைத்து ஊற்றியிருந்தார்கள். நான்தான் நர்ஸிடம் ஞாபகப்படுத்தினேன்.

ஊரில் காசநோய் என்று சொன்னோம். எல்லோரும் நம்பினார்கள். அப்பாவுக்கும் அதுதானே, வம்சத்தில் ஓடுது என்றார்கள். மாத்திரையை ஒழுங்காகப் போட்டிருக்கமாட்டான் என்று துட்டி கேட்க வந்த ஒரு பெரியம்மா சொன்னாள். நான் அவளோடு சண்டைக்குப் போனேன். ஒரு நாள்கூட விடவில்லை என்று தெருவே கேட்கக் கத்தினேன். மதினி உள்ளேயிருந்து வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து இரண்டு நாள் கழித்து ஹஃப்சா வந்தார். கையில் போன். பதிவை முடிக்க வேண்டும், தேதி சரிதானா என்று கேட்டார். என்ன எழுதுவீர்கள் என்றேன். இறப்பு என்றார். நுரையீரல் சுத்தமாகிவிட்டது, எக்ஸ்ரே இருக்கிறது, குணமாகிவிட்டான் என்று எழுதுங்கள் என்றேன். அது நியாயம் என்றே அப்போது நம்பினேன். சிகிச்சை முடிவதற்குள் எந்தக் காரணத்தால் போனாலும் இறப்பு என்றுதான் எழுத வேண்டும் என்றார். அவன் போன அன்றைக்கு இன்னும் பதினேழு நாள் இருந்தது.

"எல்லா மாத்திரையும்னு ஒவ்வொரு தடவையும் கேட்டேன் மாரிராஜ்ண்ணே. அதுக்கு மேல வாயைத் திறக்க எனக்கு அனுமதி இல்ல. அவர் சொன்னாதான் உண்டு."

நான் அவரைக் குறை சொல்லவில்லை. அவர் எழுதிய பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். ஸ்கூட்டரை உடனே எடுக்கவில்லை.

மறுநாள், ஜூலை பதினேழாம் தேதி, காலை ஆறு மணிக்கு வண்டியை அண்ணன் வீட்டு முன்னால் நிறுத்தினேன். பழக்கம் அல்ல. யோசித்துத்தான் வந்தேன். மதினி வாசல் தெளித்துவிட்டு உள்ளே போனவள் என்னைப் பார்த்துத் திரும்பினாள். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். இனி அவள் மாத்திரையை நான் பார்த்துக்கொள்கிறேன், தினமும் வருகிறேன், இதையாவது விடாமல் கொண்டுபோவோம் என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீரும் உள்ளங்கையில் மாத்திரையுமாக வந்தாள். ராத்திரி போடுவதை இனிக் காலையில் போடுவதாக டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொண்டாளாம். இனி வீட்டில் யாருக்கும் ஒளிக்க வேண்டியதில்லை.

"ஒங்க அண்ணனுக்குப் பார்த்தது போதும் தம்பி. போங்க."

"மதினி, நான் ஒண்ணும்..."

"நான் ஜனவரியில இருந்து ஒரு நாள் விடல. யாரும் பாக்கல. போங்க, சந்தைக்கு நேரமாவுது."

கோபமாகச் சொல்லவில்லை. வாசலில் நின்றாள். ஒரு கையில் செம்பு, மறு கையில் மாத்திரை. கதவைச் சாத்தவில்லை, விழுங்கவும் இல்லை. நான் நிற்கும்வரை அவளும் அப்படியே நின்றாள்.

நான் வண்டியைக் கிளப்பினேன்.